மீன் ஐஸில் பிழைத்த மஞ்சள்

எம்.எஸ்ஸி முதல் வருடத்தில் ஒருநாள் எங்கள் கனிம வேதியியல் லேப் முழுக்க மீன் வாடை அடித்தது. கல்லூரியில் ஐஸ் மெஷின் கிடையாது. துறைக்கென்று இருந்த ஒரே ஃபிரிட்ஜில் இரண்டு தட்டு ஐஸ் விழும். அது ஒருவருடைய பீக்கரைக் குளிர்விக்கவே போதாது. அதனால் லேப் அட்டெண்டர் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குப் போய், சாக்கில் சுற்றிய அரை பார் ஐஸோடு திரும்பினார். அதைச் சுத்தியலால் உடைத்து பிளாஸ்டிக் டப்பில் கொட்டி, மேலே கல் உப்பை அள்ளிப் போட்டோம். குல்ஃபிக்காரர்கள் பானைக்குள் காலங்காலமாகச் செய்கிற வேலைதான். நன்றாகக் கலந்தால் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி வரைக்கும்கூட இறங்கும். டப்பின் ஓரத்தில் ஒன்றிரண்டு செதில்கள் மின்னிக்கொண்டிருந்தன.

"என்ன சார், இதுக்கு இவ்வளவு குளிர் வேணுமா?" என்று கேட்டேன்.

"லெட் டெட்ரா குளோரைடுப்பா. குளிர்ல மட்டும்தான் குடும்பம் நடத்தும். சூடு பட்டா தாய் வீட்டுக்குப் போயிரும்," என்றார் சார்.

இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் நிலையற்ற சேர்மம் என்று எங்கே படித்தாலும் எனக்கு அந்த மீன் வாடைதான் வரும்.

லெட் என்றால் காரீயம். தமிழில் ஈயம் என்று ஒரே சொல்லில் இரண்டு உலோகங்களை அடக்கி வைத்திருக்கிறோம். ஒன்று வெள்ளீயம், இன்னொன்று காரீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குள் ஈயம் பூசுகிறவர் பூசுவதும் வெள்ளீயம்தான். என் பாட்டி ஒருமுறை வெறும் ஈயச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் அடுப்பில் சொம்பு இல்லை, பர்னரைச் சுற்றி வெள்ளிக் குட்டைதான் இருந்தது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும் வரைக்கும்தான் அதற்குப் பாதுகாப்பு. காரீயம் 327 டிகிரி வரை தாங்கும், ஆனால் சமையலறைப் பக்கமே வரக்கூடாத விஷம். விலை குறைவு என்று வெள்ளீயத்தில் காரீயம் கலந்து சொம்பு செய்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஈயச் சொம்பு வாங்குகிறவர்கள் தெரிந்த இடத்தில் வாங்குங்கள். சரி, லேபுக்குத் திரும்புவோம்.

தனிம அட்டவணையில் இந்த இரண்டு ஈயங்களும் ஒரே நெடுவரிசையில் மேலும் கீழுமாக உட்கார்ந்திருக்கின்றன. மேலிருந்து கார்பன், சிலிக்கான், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம். ஐந்துக்குமே வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். நான்கையும் போட்டு நான்கு குளோரின்களோடு கைகோர்த்தால் டெட்ரா குளோரைடு. கார்பன் டெட்ரா குளோரைடு அசையாத பேர்வழி. ஒரு காலத்தில் துணிக்கறை எடுக்கவும் தீயணைக்கவும் பயன்பட்டது. சிலிக்கான், ஜெர்மானியம் இரண்டின் டெட்ரா குளோரைடுகளும் தண்ணீர் படாதவரை நிம்மதியாக இருக்கும் திரவங்கள். வெள்ளீயத்தின் டெட்ரா குளோரைடை 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே லிபாவியஸ் என்ற ஜெர்மானிய ரசவாதி செய்துவிட்டார். காற்றில் திறந்தாலே ஈரத்தைப் பிடித்துப் புகைவதால், 'லிபாவியஸின் புகையும் ஆவி' என்றே அதற்குப் பெயர். புகைந்தாலும் 114 டிகிரியில் கொதிக்க வைத்து வடித்தெடுக்கலாம், கலையாது.

காரீயத்துக்கு வரும்போதுதான் கதை மாறுகிறது. அதன் டெட்ரா குளோரைடு 1893-இல்தான் கைக்கு வந்தது. ஃப்ரீட்ரிக் என்பவர் அந்த வருடம் ஜெர்மன் வேதியியல் சங்கத்தின் இதழில் அதைப் பற்றி எழுதினார். லிபாவியஸ் காலத்திலிருந்து எண்ணினால் கிட்டத்தட்ட முந்நூறு வருட இடைவெளி. காரீயம் அரிய உலோகமா என்ன? ரோமாபுரிக்காரன் அதில் தண்ணீர்க் குழாயே செய்தான். குளோரினும் 1774-லிருந்தே தெரிந்ததுதான். இரண்டையும் சேர்த்தால் வருவதெல்லாம் வெள்ளை வெளேரென்ற டை குளோரைடு. காரீயம் இரண்டு எலக்ட்ரானைக் கொடுத்ததும் போதும் என்று நின்றுவிடும். அதை நான்குக்கு நேரடியாகத் தள்ளுவது கஷ்டம். ஏற்கெனவே நான்கில் இருக்கும் ஒன்றைப் பிடித்து, அது கீழே இறங்குவதற்குள் குளோரினை மாட்ட வேண்டும்.

அந்த ஒன்று லெட் டை ஆக்சைடு. காப்பிக்கொட்டைத் தூள் நிறத்தில் ஒரு பொடி. இதை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் ஆக்சிஜன் தண்ணீராகப் போய், அந்த இடத்தில் குளோரின் வந்து உட்கார வேண்டும். காகிதத்தில் எழுதினால் மூன்றாம் வகுப்புக் கணக்கு மாதிரி சரியாக வரும்.

நான் முதல்முறை செய்தபோது அமிலத்தைப் போதுமான அளவு குளிர்விக்கவில்லை. ஆகஸ்ட் மாதம், மேலே மின்விசிறிகூட ஓடவில்லை. பொடியைக் கொட்டியதும் நுரைத்தது. ஃப்யூம் ஹூடுக்குள், அதாவது புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிக் கூண்டுக்குள், பச்சை மஞ்சளாக வாயு கிளம்பியது. மூக்கில் ஏறியதும் தெரிந்துவிட்டது, குளோரின். பீக்கர் ஆறிய பிறகு அடியில் வெள்ளை ஊசிகள் பளபளவென்று படிந்திருந்தன. நான்கு குளோரினில் இரண்டு பறந்துபோய், மிச்சம் இரண்டோடு காரீயம் தன் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. பள்ளி லேபில் மாங்கனீசு டை ஆக்சைடையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சூடாக்கிக் குளோரின் தயாரிக்கிறோமே, அங்கேயும் இதே கதைதான். மாங்கனீசும் நான்கு குளோரினைத் தாங்காது.

"அழகா இருக்கே ஊசி," என்றார் சார். அவர் பாராட்டினால் நாம் தப்பாகச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

அதற்கப்புறம்தான் மீன் ஐஸ். அமிலத்தை ஐஸும் உப்பும் கலந்த டப்பில் வைத்து, சுழியத்துக்குக் கீழே போன பிறகு பழுப்புப் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக் கலக்க வேண்டும். ஒவ்வொரு சிட்டிகைக்கும் நடுவில் பொறுமையாக நிற்க வேண்டும். இந்த முறை நுரை இல்லை. பொடி மெதுவாகக் கரைந்து, திரவம் எலுமிச்சம் ஊறுகாய் எண்ணெய் போல மஞ்சளானது. அந்த மஞ்சளுக்குள் இருப்பது தனி டெட்ரா குளோரைடு அல்ல. காரீயம் இன்னும் இரண்டு குளோரைடுகளையும் பிடித்துக்கொண்டு, ஆறு குளோரின் சூழ்ந்த அயனியாக இருக்கிறது. ஆறு பேர் சுற்றி நின்றால் கொஞ்சம் தெம்பு வருகிறது போலிருக்கிறது. தனியாக நாலு பேரோடு நிற்பதைவிட இந்த நிலையில் அது நெடுநேரம் தாக்குப்பிடிக்கும்.

கரையாத பொடியைக் கண்ணாடி வடிகட்டியில் பிரித்தேன். அவ்வளவு அடர்ந்த அமிலத்தில் வடிதாள் நிற்காது. தெளிந்த மஞ்சளில் குளிர்ந்த அம்மோனியம் குளோரைடு கரைசலை ஊற்றியதும் எலுமிச்சை மஞ்சளில் மாவு போல ஒரு படிவு இறங்கியது. அம்மோனியம் ஹெக்சா குளோரோ பிளம்பேட். பிளம்பம் என்பது காரீயத்தின் லத்தீன் பெயர். பிளம்பர் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். ரோமாபுரிக்காரன் குழாயை மறந்துவிடாதீர்கள்.

இந்த உப்பு சாதுவானது. காய்ந்துவிட்டால் அறை வெப்பத்தில் புட்டியில் போட்டு வைக்கலாம். எங்கள் பாடத்திட்டத்தில் கேட்டதும் இதுவரைதான். தண்ணீரில் போட்டால் மட்டும் குணம் தெரியும். பழுப்பாகக் கலங்கி, கிளம்பிய இடமான டை ஆக்சைடுக்கே போய்விடும். சூடாக்கினால் குளோரினை விட்டுவிட்டு வெள்ளையாகும். தண்ணீர் பட்டால் ஒரு வழி, சூடு பட்டால் இன்னொரு வழி. நடுவில் இந்த மஞ்சளுக்கு இருக்கும் இடம் மிகச் சிறியது.

உப்போடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு அந்த எண்ணெயைப் பார்க்க வேண்டும். சார் இரண்டு மாதம் பிடி கொடுக்கவில்லை. கார்த்திகை மாதம் விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில், நன்றாகக் குளிர்ந்திருந்த ஒருநாள் காலையில், "வா, ஒரு சொட்டு பாத்துட்டு மூடிடலாம்," என்று அவரே கூப்பிட்டார். அவரே ஃப்யூம் ஹூடுக்குள் கையை விட்டார். நான் பக்கத்தில் நின்றேன். வீட்டில் யாரும் முயல வேண்டாம் என்று நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். காரீயமும் குளோரினும் அடர் கந்தக அமிலமும் ஒரே குழாயில் இருக்கும் வேலை இது.

ஐஸில் குளிர்ந்த அடர் கந்தக அமிலத்தில் அந்த மஞ்சள் உப்பைப் போட்டார். ஹைட்ரஜன் குளோரைடு புகைந்து போனது, அம்மோனியம் சல்பேட் அமிலத்திலேயே தங்கிவிட்டது. மிச்சம் இருந்தது சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, கனத்த மஞ்சள் எண்ணெயாகக் குழாயின் அடியில் இறங்கியது. கந்தக அமிலமே தண்ணீரைப்போல 1.8 மடங்கு கனம். இந்த எண்ணெய் மூன்று மடங்குக்கும் மேல். அதனால் அமிலம் மேலே மூடிபோல நின்றது, ஈரக்காற்று உள்ளே வராமல். தன்னைப் பிறப்பித்த அமிலத்துக்கு அடியிலேயே அது பாதுகாப்பாகக் கிடக்கும், குளிர் இருக்கிற வரைக்கும். சுழியத்துக்குக் கீழே 15 டிகிரியில் உறையும். சாதாரண அறை வெப்பத்தில் மெல்ல மெல்லக் குளோரினை விடும். 100 டிகிரியைத் தாண்டி அவசரமாகச் சூடாக்கினால் வெடிக்கும்.

பார்க்க என்ன பெரிய அழகு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நல்லெண்ணெய்ச் சொட்டு மாதிரி இருந்தது. ஆனால் பாட்டியின் சொம்புக்குத் தம்பியான ஓர் உலோகம் எண்ணெயாக ஓடுகிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. குளோரின்கள் நான்கும் நான்கு மூலையில் நின்று காரீயத்தை மறைத்துவிடுவதால் உலோகத்தின் உப்புக் குணமெல்லாம் போய்விடுகிறது. அயனிகள் இல்லை, தனித்தனி மூலக்கூறுகள்தான். அதனால்தான் திரவம்.

ஏன் இந்தக் காரீயத்துக்கு மட்டும் நான்கு பிடிக்கவில்லை? பாடப்புத்தகத்தில் பதில் இரண்டு சொல்லில் இருக்கிறது: மந்த இணை விளைவு. வெளிக்கூட்டு நான்கு எலக்ட்ரான்களில் இரண்டு சோம்பேறிகள், அவை பிணைப்புக்கு வராமல் ஜோடியாக உட்கார்ந்துவிடுகின்றன. 1927-இல் நெவில் சிட்ஜ்விக் என்ற ஆங்கிலேயர் கொடுத்த பெயர். எனக்கு இந்தப் பதில் ஒருபோதும் திருப்தி தந்ததில்லை. பெயர் வைப்பது வேறு, காரணம் சொல்வது வேறு. "ஏன்டா வரல?" என்று கேட்டால் "அவன் சோம்பேறி சார்" என்று பக்கத்து பெஞ்சுக்காரன் சொல்வது மாதிரி இருக்கிறது.

உண்மைக் காரணத்தின் பெரும்பகுதி ஐன்ஸ்டைனிடம் இருக்கிறது. காரீயத்தின் அணுக்கருவில் 82 புரோட்டான்கள். அத்தனை இழுப்பில் உள்கூட்டு எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் சுமார் 60 விழுக்காட்டு வேகத்தில் ஓட வேண்டியிருக்கிறது. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் தலையிடுகிறது. எலக்ட்ரானின் நிறை கால் பங்கு கூடியது போல ஆகிறது, சுற்றும் இடம் சுருங்குகிறது. உள்ளே சுருங்குவதோடு நிற்பதில்லை. கருவுக்கு அருகே வந்துபோகும் வெளிக்கூட்டு எஸ் எலக்ட்ரான்களும் சேர்ந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. சோம்பேறிகள் என்று பெயர் வாங்கிய அந்த இருவர் இவர்கள்தான். பாவம், அவர்கள் கட்டிப்போடப்பட்டிருக்கிறார்கள். அவர்களை வெளியே கொண்டுவர அதிகம் செலவாகிறது. பெரிய காரீய அணுவோடு குளோரின் போடும் பிணைப்போ பலவீனமானது, அந்தச் செலவை ஈடுகட்டாது. வெள்ளீயத்தில் புரோட்டான்கள் 50 மட்டுமே என்பதால் இந்தச் சுருக்கம் அவ்வளவு இல்லை.

குவாண்டம் இயற்பியலையும் சார்பியலையும் எலக்ட்ரானில் இணைத்துக் காட்டிய பால் டிராக்கே, 1929-இல் சாதாரண வேதிவினைகளுக்குச் சார்பியல் முக்கியமில்லை என்ற பொருளில் எழுதினார். அவர் கார்பனையும் ஆக்சிஜனையும் நினைத்திருப்பார். கனமான தனிமங்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

லேபில் இந்த இரண்டு ஈயங்களின் குணமும் எதிரெதிராகத் தெரியும். இரண்டில் நிற்கும் வெள்ளீயக் குளோரைடு எப்போது பார்த்தாலும் யாருக்காவது எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு நான்குக்குப் போகத் துடிக்கும். உப்புப் பகுப்பாய்வில் பாதரசக் குளோரைடோடு சேர்த்தால் முதலில் வெள்ளையாகவும் அப்புறம் சாம்பல் நிறமாகவும் படிய வைப்பது அதுதான். காரீயம் நான்கில் இருந்தால் யாரிடமாவது பிடுங்கிக்கொண்டு இரண்டுக்கு இறங்கப் பார்க்கும். அண்ணன் கொடுத்துக் கெடுவான், தம்பி பிடுங்கிப் பிழைப்பான்.

அப்படியானால் குளோரின் குடும்பமான ஹாலஜன்களில் எது காரீயத்தை நான்கில் நிறுத்தி வைக்கும்? ஃப்ளூரின். லெட் டெட்ரா ஃப்ளூரைடு வெள்ளைத் திண்மம், சுமார் 600 டிகிரி வரை உருகாமல் நிற்கும். ஃப்ளூரினிடமிருந்து எதையும் திருப்பிப் பிடுங்க யாராலும் முடியாது. குளோரினில் நம் மஞ்சள் எண்ணெய், ஐஸில் மட்டும். புரோமினில் இன்னும் மோசம். அயோடினில் பேச்சுக்கே இடமில்லை. அயோடைடு தன் எலக்ட்ரானைக் கையில் வைத்துக்கொண்டு யார் கேட்பார்கள் என்று காத்திருக்கும். நான்கில் இருக்கும் காரீயம் பக்கத்தில் வந்தால் உடனே கொடுத்துவிட்டு அயோடினாகிவிடும். லெட் அயோடைடு என்றால் இரண்டு அயோடின் போட்ட மஞ்சள்தான். சூடான கரைசலை ஆறவிட்டால் தங்கத் துகள் மாதிரி மின்னி இறங்குமே, பிளஸ் டூவில் பார்த்திருப்பீர்கள்.

தனிம அட்டவணையில் காரீயத்துக்குப் பக்கத்து வீட்டுத் தாலியம் இதைவிட வேடிக்கை. தாலியத்துக்கு மூன்று அயோடின் போட்ட ஒரு சேர்மம் உண்மையாகவே இருக்கிறது. வாய்பாட்டைப் பார்த்தால் தாலியம் மூன்றில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் உள்ளே தாலியம் ஒன்றில்தான் நிற்கிறது. மூன்று அயோடின்களும் தங்களுக்குள் கைகோர்த்து ஒரே அயனியாக இருக்கின்றன. ரேஷன் கார்டில் மூன்று பெயர், வீட்டில் சமையல் ஒருவருக்கு என்பது மாதிரி.

இதில் எனக்கு ரொம்ப நாள் இடித்த விஷயம் ஒன்று உண்டு. நான்கில் நிற்கப் பிடிக்காத இதே காரீயம், நான்கு எத்தில் தொகுதிகளோடு சேர்ந்து டெட்ரா எத்தில் லெட் என்ற பெயரில் பல பத்தாண்டுகள் பெட்ரோலில் ஓடியது. அறை வெப்பத்தில் டிரம்மில் அடைத்துக் கப்பலில் அனுப்பினார்கள். இந்தியாவில் 2000 வாக்கில்தான் நின்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-இல். குளோரின் இழுக்கிற இழுப்பில் காரீயத்தின் மேல் நேர்மின்சுமை ஏறி, அந்த ஜோடி எலக்ட்ரான்கள் இன்னும் உள்ளே ஒடுங்குகின்றன. கார்பன் அவ்வளவு இழுப்பதில்லை, பகிர்ந்துகொள்கிறது. இது எனக்குப் புரிய எம்.எஸ்ஸி முடித்துப் பத்து வருடம் ஆனது.

அதைவிடத் தாமதமாகப் புரிந்தது என் வீட்டு ஹாலிலேயே இருந்தது. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று கரண்ட் போய்க்கொண்டிருந்த காலத்தில் நாங்களும் ஓர் இன்வெர்ட்டர் வாங்கினோம். மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கனத்த பேட்டரிக்குள் இருப்பது வேறு எதுவுமில்லை. ஒரு தட்டில் காரீயம், இன்னொரு தட்டில் அதே பழுப்பு நிற லெட் டை ஆக்சைடு, நடுவில் கந்தக அமிலம். 1859-இல் காஸ்தோன் பிளான்தே என்ற பிரெஞ்சுக்காரர் செய்தது. மின்விசிறி ஓடும்போதெல்லாம், நான்கில் நிற்கும் காரீயம் மறு தட்டிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி இரண்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. என் பீக்கரில் குளோரினாகப் பறந்து என்னை இருமவைத்த அதே அவசரம்தான் இங்கே கம்பி வழியாகப் போகிறது.

2011-இல் ஸ்வீடனின் உப்சாலாவையும் பின்லாந்தின் ஹெல்சின்கியையும் சேர்ந்த சிலர், வேதியியலாளர் பெக்கா பியூக்கோவும் அவர்களில் ஒருவர், ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இந்த பேட்டரியின் ஒரு செல் சுமார் 2.1 வோல்ட் தருகிறது. அதில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியலால் வருவது. ஐன்ஸ்டைனைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் பேட்டரி கிட்டத்தட்ட செத்த பேட்டரி. வெள்ளீயத்தை வைத்து இப்படி ஒரு பேட்டரி ஏன் செய்ய முடியாது என்பதற்கும் அதுவே பதில். அதைப் படித்த அன்று மாலை கரண்ட் போனது. மின்விசிறியை அண்ணாந்து பார்த்துச் சிரித்தேன். வீட்டில் விளக்கிச் சொல்ல முயன்றேன். "முதல்ல டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க, பீப் பீப்னு கத்துது," என்றார்கள்.

அந்த எண்ணெய்ச் சொட்டு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. மேலே நின்ற அமிலத்தைச் சார் துளிக்குழாயால் எடுத்துவிட்டு, சொட்டை ஒரு சின்னச் சோதனைக் குழாய்க்கு மாற்றி, பஞ்சால் லேசாக அடைத்து ஐஸ் டப்பில் வைத்தார். இறுக அடைக்கக் கூடாது, உள்ளே குளோரின் சேரும். அன்று மதியமே ஐஸ் கரைந்தது. மழையில் மார்க்கெட்டும் மூடியிருந்தது. மறுநாள் வந்து பார்த்தபோது குழாயில் மஞ்சளே இல்லை. அடியில் வெள்ளைப் பொடி, ஈரக்காற்று பட்ட வாயருகே மட்டும் மெல்லிய பழுப்பு வளையம். கிளம்பிய இடமும் போய்ச் சேர்ந்த இடமும் ஒரே குழாயில்.

அந்த வாரமே செய்முறைத் தேர்வு. தயாரித்த சேர்மங்களைப் புட்டியில் போட்டு, பெயர் எழுதி, ரெக்கார்டோடு மேசையில் வைக்க வேண்டும். நான் மஞ்சள் உப்பை வைத்தேன். பக்கத்தில், எதற்கென்று தெரியாமலே, அந்தக் குழாயையும் வைத்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மஞ்சள் புட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அப்புறம் குழாயைக் கையில் எடுத்தார்.

"இது என்ன?"

"லெட் குளோரைடு சார்."

"அதைத் தயாரிக்கச் சொல்லலையே?"

"திங்கக்கிழமை டெட்ரா குளோரைடா இருந்துச்சு சார்."

அவர் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அந்தப் பழுப்பு வளையத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை ஸ்டாண்டில் நேராகச் செருகி வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.